பாத்திரத்தின் மேல் மனம் எப்போது ஒட்டுகிறது?

வாசகர் கேள்வி | 3 மார்ச் 2024, காலை 10.15

பாத்திரத்தின் மேல் படிப்பவருக்குப் பரிவு பிறக்க வேண்டுமானால் முதல் பக்கத்திலேயே அதற்கு ஒரு பெருந்துன்பத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சிறுகதைப் பயிலரங்கில் சொன்னார்கள். அதன்படி, கணவனை இழந்து, வேலையும் போய், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினேன். படித்த நான்கு நண்பர்களும் "பாவம்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். எங்கே தவறினேன்?

குறிப்பு 1 | 3 மார்ச் 2024, இரவு 9.40

"பாவம்" என்ற அந்தச் சொல்லிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். பேருந்து ஜன்னல் வழியாக ஒரு விபத்தைப் பார்க்கும்போதும் அதையேதான் சொல்கிறோம், பேருந்து நகர்ந்துவிடுகிறது. துன்பத்தைக் கூட்டினால் இரக்கம் கூடலாம். அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காரவேண்டும், அவள் அடுத்து என்ன செய்வாள் என்று அவளோடு சேர்ந்து யோசிக்கவேண்டும் என்ற விருப்பம் அதனால் வந்துவிடாது.

இதை நான் என் சொந்தக் கதை ஒன்றில் கற்றுக்கொண்டேன். வேளச்சேரியில் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் 24 வீடுகள். 2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைபுரண்டு, ஏரிகள் நிரம்பி, நகரத்தின் தென்பகுதி மூழ்கியபோது எங்கள் கட்டடத்தின் கீழே வாகனங்கள் நிறுத்தும் தளத்தில் கழுத்தளவு தண்ணீர் நின்றது. மறுநாள் எங்களைப் படகில் ஏற்றி அழைத்துப் போனார்கள். அண்ணா நகரில் சித்தி வீட்டில் தங்கினோம். வாட்ச்மேன் எங்களோடு வராமல் கட்டடத்திலேயே இருந்துவிட்டார். அவரை வைத்து அடுத்த ஆண்டு ஒரு கதை எழுதினேன். ஊரில் படுத்த படுக்கையான மனைவி, கட்டவேண்டிய கல்லூரிக் கட்டணம், பேசாமல் போன மகன், ஏறிக்கொண்டே வரும் தண்ணீர், நடுவில் அழும் மனிதர் என்று ஒன்றும் விடாமல் சேர்த்திருந்தேன்.

ஐம்பது வருடமாக வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைத் தவறாமல் படித்துவரும் என் சித்தி, கதையை முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த ராத்திரி அவர் கையிலே என்ன வெச்சிருந்தார்?"

எனக்கு அது தெரியும். நாங்கள் திரும்பி வந்த அன்று, மாடிப்படித் திருப்பத்தில், மடியில் ஒரு ஈரத் துண்டு முடிச்சோடு அவர் உட்கார்ந்திருந்தார். வெளியூர் போகிறவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அவரிடம் கொடுத்து வைத்திருந்த மாற்றுச் சாவிகள் அதில் இருந்தன. தன் பெட்டியை விட்டுவிட்டு அவர் அந்தச் சாவிகளைத்தான் எடுத்துக்கொண்டு மாடி ஏறியிருக்கிறார். கண்ணால் பார்த்திருந்தும் நான் அதை எழுதவில்லை. மனைவியையும் மகனையும் நீக்கிவிட்டு, சாவிகளை மட்டும் வைத்துக் கதையைத் திருப்பி எழுதினேன். அவர் சாவிகளைப் பல்லின் வடிவத்தை வைத்தே வீட்டு எண் வரிசைப்படி அடுக்குகிறார். தண்ணீர் வடிந்ததும் பலகையில் பழையபடியே மாட்டுகிறார். ஒரு சிற்றிதழில் வெளியான பிறகு, முன்பின் தெரியாதவர்கள் தொலைபேசியில் அழைத்து அந்த வாட்ச்மேன் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார்கள்.

ஆகவே என் பதில் இதுதான்: பாத்திரம் தனக்கு வெளியே எதைக் காத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டுங்கள். உங்கள் பெண் எந்த ரயிலுக்குக் காத்திருக்கிறாள்? அவள் கையில் என்ன இருக்கிறது? கதை படிப்பவர்கள் பிறர் மனத்தை நன்றாக அறிகிறார்கள் என்பது ஆய்விலேயே நிரூபணமான செய்தி. அந்த ஆற்றலை அவர்களிடம் எழுப்புவது நம் பொறுப்பு.

குறிப்பு 2 | 4 மார்ச் 2024, காலை 7.05

நேற்றைய குறிப்பின் கடைசியில் "நிரூபணமான செய்தி" என்று எழுதியதைத் திருத்துகிறேன். 2013இல் டேவிட் கிட், இமானுவேல் கஸ்தானோ என்ற இரு உளவியலாளர்கள் "சயின்ஸ்" இதழில் வெளியிட்ட ஆய்வைத்தான் மனத்தில் வைத்திருந்தேன். இலக்கியக் கதைப்பகுதி ஒன்றைச் சற்று நேரம் படித்தவர்கள், கண்களின் படத்தை மட்டும் பார்த்து அந்த ஆளின் உணர்வை ஊகிக்கும் தேர்வில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள் என்பது அதன் முடிவு. 2016இல் பிற ஆய்வாளர்கள் அதே சோதனையைக் கூடுதலான ஆட்களை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை.

இது எனக்கு ஏமாற்றம் தரவில்லை. கால் மணி நேர வாசிப்பில் ஒரு மனிதர் மாறிவிடுவார் என்று நான் நம்பியதும் இல்லை. நான் அக்கறைப்படுவது, படிக்கும் அந்த நேரத்தில் ஓர் ஆளின் பக்கம் மனம் சாய்வது எதனால் என்பதைப் பற்றித்தான்.

குறிப்பு 3 | 5 மார்ச் 2024, இரவு 10.30

"எம்பதி" என்பதற்கு ஒத்துணர்வு என்று எழுதுகிறோம். ஆங்கிலத்திலேயே அது பழைய சொல் இல்லை. 1909இல் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக அதை உருவாக்கினார். அந்த ஜெர்மன் சொல், ஓர் ஓவியத்தையோ கட்டடத்தையோ பார்க்கிறவர் தம் உணர்வை அதற்குள் செலுத்துவதைக் குறித்து அழகியலில் வழங்கி வந்தது. மனிதருக்கு மனிதர் காட்டும் பரிவைக் குறிப்பதற்கு முன்பே அது கலையைப் பார்ப்பதற்கான சொல்லாக இருந்திருக்கிறது.

நம்மிடம் இதைவிட நுட்பமான ஒரு பகுப்பு இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லி, ஒவ்வொன்றும் பிறக்கும் களங்கள் நான்கு என்று வகுக்கிறது. அழுகை பிறக்கும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்பட்டு எளியவராவது இளிவு. சுற்றத்தையோ நுகர்பொருளையோ இழப்பது இழவு. முன்பிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையில் வருந்துவது அசைவு. வறுமைக்கு விளக்கம் தேவையில்லை. பேராசிரியர் என்ற பழைய உரையாசிரியரின் உரை மேலும் ஒரு படி போய், தானே அவலித்தல் ஒன்று, பிறர் அவலம் கண்டு அவலித்தல் ஒன்று என்று அழுகையை இரண்டாகப் பிரிக்கிறது. கதை எழுதுகிறவருடைய வேலை முழுவதும் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

"மெய்ப்பாடு" என்ற பெயரையும் கவனியுங்கள். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் படுவது. "அவர் மிகவும் துயருற்றார்" என்று எழுதுவது மெய்ப்பாடு ஆகாது. துண்டின் முடிச்சை அவர் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார் என்பது ஆகும்.

உங்கள் கதையில் இழவும் வறுமையும் நிறைய இருக்கின்றன. நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டையே நாடுகிறோம், ஏனென்றால் இவற்றை வெளியிலிருந்தே பார்த்துவிட முடிகிறது.

குறிப்பு 4 | 9 மார்ச் 2024, மாலை 6.20

எடுத்துக்காட்டு கேட்டிருந்தீர்கள். புதுமைப்பித்தனின் "செல்லம்மாள்" கதையைத் திரும்பவும் படித்தேன். சென்னையில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளையின் மனைவி கதையின் தொடக்கத்திலேயே இறந்துவிடுகிறாள். அதன் பிறகுதான் கதை பின்னோக்கிப் போய் அவள் நோயில் கிடந்த நாள்களைச் சொல்கிறது. பிழைப்பாளா மாட்டாளா என்ற பதைப்பை எழுத்தாளர் முதலிலேயே எடுத்துவிட்டார். அது போன இடத்தில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தேன். வேலைகள்தான் மிஞ்சுகின்றன: அடுப்பு மூட்டுவது, அவளைத் தூக்கி உட்காரவைப்பது, கடைக்குப் போவது, திரும்பி வருவது. இவை எதுவும் பயன்தரப் போவதில்லை என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. நம் அறிவுக்கும் அவருடைய அறியாமைக்கும் இடையிலுள்ள அந்தத் தூரத்தில்தான் என் தொண்டை அடைத்தது. பிள்ளை தம்மைப் பற்றிப் புலம்பியிருந்தால் அந்தத் தூரம் சுருங்கியிருக்கும்.

அசோகமித்திரனின் "புலிக்கலைஞ"னில் நடப்பது வேறு. வேலை கேட்டுப் படநிறுவனத்துக்கு வரும் ஒரு மனிதர் அந்த அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறார். அவருடைய வறுமை நமக்கு முதலிலிருந்தே தெரியும். அதற்காக நாம் அவரோடு சேர்ந்துவிடவில்லை. அவர் பாய்கிற அந்தச் சில கணங்களில் அவருடைய தேர்ச்சியைக் கண்டு திகைக்கிறோம், அந்தத் திகைப்புதான் நம்மை அவர் பக்கம் கொண்டுபோகிறது. தொல்காப்பியக் கணக்கில் அது அழுகைக்குரியது அல்ல, மருட்கை, அதாவது வியப்பு. பிறகு வாய்ப்பு ஒன்று வரும்போது அவருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வந்துவிடுகிறது. முதலில் மருட்கையைத் தந்துவிட்டுப் பிறகு இழவைத் தருகிற அந்த வரிசை மாறியிருந்தால், அந்தக் கடிதம் வெறும் தகவலாகப் போயிருக்கும்.

என் வாட்ச்மேன் சாவிகளைப் பல்லின் வடிவத்தை வைத்து அடையாளம் காண்பதாக எழுதியபோது, இந்தக் கதையிடமிருந்து நான் கற்றுக்கொண்டதைத்தான் செய்தேன் என்று இப்போது புரிகிறது.

குறிப்பு 5 | 10 மார்ச் 2024, காலை 11.00

பேச்சுமொழி பற்றி ஒரு சிறு குறிப்பு. சென்னைக் கதைகளில் வாட்ச்மேன், ஆட்டோ ஓட்டுநர், மீன் விற்பவர் ஆகியோர் வாய்திறந்தால் எழுத்துகள் உடைந்து நொறுங்குகின்றன. வீட்டுக்காரர் பேசினால் உடைவதில்லை. இருவரும் பேசுவது பேச்சுத்தமிழ்தான், ஒருவருடைய ஒலியை மட்டும் நாம் குறித்துவைக்கிறோம். அப்போது படிப்பவர் அந்த மனிதரின் வாயைப் பார்க்கிறாரே தவிர அவர் சொல்வதைக் கேட்பதில்லை. நான் இப்போது இருவருக்கும் ஒரே அளவில்தான் ஒலியைக் குறிக்கிறேன்.

குறிப்பு 6 | 17 மார்ச் 2024, இரவு 8.15

முதல் குறிப்பை எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கதையை அந்த வாட்ச்மேனிடம் நான் காட்டவே இல்லை. இப்போது அவர் பள்ளிக்கரணைப் பக்கம் வேறொரு குடியிருப்பில் வேலை பார்க்கிறார். இன்று மாலை போயிருந்தேன். வாசல் அருகே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, கைபேசியிலிருந்து முழுவதையும் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு முறை எழுந்துபோய் வண்டிகளுக்குக் கதவு திறந்துவிட்டு வந்தார். முடிந்ததும் சற்று நேரம் பேசவில்லை.

"நல்லாத்தான் இருக்கு மேடம். ஆனா நான் வரிசையால்லாம் வெக்கலையே."

நடந்ததைச் சொன்னார். சாவிகளில் கட்டியிருந்தவை அட்டைத் துண்டுகள். பேனாவால் எண் எழுதியிருந்தது. விடிவதற்குள் அட்டை ஊறிக் கூழாகிவிட்டது. காலையில் பார்த்தால் எது எந்த வீட்டுச் சாவி என்று தெரியவில்லை. மாடியில் தங்கிவிட்ட ஒருவர், ஒவ்வொரு கதவாகப் போய் ஒவ்வொரு சாவியையும் போட்டுப் பார்த்துப் பிரித்து வைத்துவிடலாமே என்று சொல்லியிருக்கிறார். இவர் செய்யவில்லை.

"பூட்டின வீட்டுக் கதவுல வாட்ச்மேன் சாவி போட்டுப் பாக்கறான்னு யாராவது ஒருத்தர் பாத்தாப் போதும் மேடம்."

அதனால் மாடிப்படித் திருப்பத்தில், யார் ஏறினாலும் இறங்கினாலும் கண்ணில் படுகிற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். படகில் வந்து உணவுப் பொட்டலம் கொடுத்தவர்களிடம்கூடப் போய் வாங்கவில்லை. முடிச்சை வைத்துவிட்டுப் போகவும் முடியாது, எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டவும் முடியாது. யாராவது நினைவாகக் கொண்டுவந்து கொடுத்தால் சாப்பிட்டார்.

குறிப்பு 7 | 18 மார்ச் 2024, நள்ளிரவு 12.10

தூக்கம் வரவில்லை. தொலைபேசியில் அழைத்து அழுதவர்கள் எல்லோரும் நான் கற்பித்த ஒருவருக்காக அழுதார்கள். உண்மையில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவருக்காக இதுவரை யாரும் அழவில்லை, நான் உட்பட.

குறிப்பு 8 | 19 மார்ச் 2024, இரவு 9.00

முதல் குறிப்பின் முடிவைப் பாதி திரும்பப் பெறுகிறேன். பாத்திரம் எதைக் காக்கிறது என்பதைக் காட்டவேண்டும் என்றதை மாற்ற வேண்டியதில்லை. எதற்காகக் காக்கிறது என்பதை நான் என் விருப்பப்படி நிரப்பியிருந்தேன். அவருடைய செயலுக்குக் கடமையுணர்ச்சி என்று பெயரிட்டு, அவரை நல்லவராக்கி, அதற்குப் பரிசாகப் படிப்பவரின் பரிவை வாங்கிக் கொடுத்திருந்தேன். பரிவைப் பெறுவதற்கு ஒரு வாட்ச்மேன் மற்றவர்களைவிட நல்லவராக இருந்தாக வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது. வீட்டுக்காரப் பாத்திரங்களுக்கு நான் ஒருபோதும் அப்படி ஒரு தேர்வு வைத்ததில்லை.

ஐந்தாம் தேதிக் குறிப்பில் இளிவை ஒரு வரியில் கடந்துவிட்டேன். இப்போது அதற்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அவரை யாரும் இகழவில்லை, திருடன் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருந்தும், அந்தச் சொல் எந்தக் கணத்திலும் வரக்கூடும் என்று தெரிந்த ஒருவருடைய உடம்பு எங்கே உட்காரும், கை எதைத் தொடாது, பசித்தாலும் கால் எந்த இடத்தைத் தாண்டாது என்பதில் இளிவு முழுவதும் இருக்கிறது. இலக்கணம் அதை அழுகையின் களங்களில் முதலாவதாக வைத்ததற்கு நான் காரணம் தேட மாட்டேன், ஆனால் என் கதையில் அது முதலாவதாக இருந்திருக்க வேண்டும்.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இது மேலான கதை. பல்லின் வடிவத்தால் சாவியை அறியும் மனிதரைப் படிப்பவர் வியக்கிறார். சாவியைக் கதவில் போட்டுப் பார்க்காத மனிதரைக் கண்டால் ஏன் என்று கேட்கிறார். அந்த "ஏன்" என்பதற்கு விடை தேடித்தான் ஒருவர் இன்னொருவரின் மனத்துக்குள் நுழைகிறார்.

குறிப்பு 9 | 24 மார்ச் 2024, மாலை 5.45

இதை எழுதத் தயங்கினேன். நாங்கள் திரும்பி வந்தது 2015 டிசம்பர் 5. சேறு வழுக்கும் படிகளில் ஏறி அவர் முன்னால் நின்றதும் நான் கேட்ட முதல் கேள்வி இது: "எங்க வீட்டுச் சாவி இருக்கா அண்ணா? யாரும் வாங்கிட்டுப் போகலையே?" சாப்பிட்டாரா என்று அதற்குப் பிறகுதான் கேட்டேன். என் இரண்டு வடிவங்களிலும் இந்தக் கேள்வி இல்லை. மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

இப்போதைய சிக்கல் அந்தக் கேள்வியைக் கேட்கும் பெண்ணைப் பற்றியது. அவளைக் கொடியவளாக்குவது எளிது. ஆக்கினால் படிப்பவர் வாட்ச்மேன் பக்கம் உடனே வந்துவிடுவார், ஆனால் தம்மைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போய்விடுவார். ஜெயகாந்தன் 1966இல் "அக்கினிப் பிரவேசம்" எழுதினார். கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, அவள் தூய்மையானவள் என்கிறாள். பெரும் விவாதம் எழுந்தது. பிறகு அதே நிகழ்ச்சியில் தாய் வேறுவிதமாக நடந்துகொண்டால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகும் என்று "சில நேரங்களில் சில மனிதர்கள்" நாவலை எழுதினார். அதற்கு 1972இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. சிறுகதையில் நம் மனம் அந்தத் தாயின் கைகளோடு போகிறது. நாவலில் அந்த மகள் கங்காவே தன் கதையைச் சொல்கிறாள். வருடங்கள் கழித்து அவள் தன் தாயைப் பார்க்கும் பார்வையில் நாமும் தாயைப் பார்க்கிறோம், கோபம் வருகிறது, அந்தத் தாய் பயந்துபோன ஒரு விதவை என்பதும் தெரிகிறது. ஓர் ஆளின் செயல் மாறினாலும் அவளிடமிருந்து பரிவை முற்றிலும் பறிக்காமல் எழுத முடியும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

என் கதையின் பெண் மூன்று நாள் தூங்கவில்லை. வீட்டுக் கடன் இன்னும் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. பீரோவில் அம்மாவின் இரண்டு வளையல்கள் இருக்கின்றன. அவள் சந்தேகத்தோடு கேட்கவில்லை, பயத்தோடு கேட்கிறாள். கேட்கிறவளுக்கு அது பயம். அதைக் காதில் வாங்கிய வாட்ச்மேனுக்கு நான்கு நாளாக எதிர்பார்த்திருந்த சொல். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் படிப்பவர் உணர வேண்டும். நான்கு முறை எழுதிப் பார்த்தேன். இன்னும் அமையவில்லை.

குறிப்பு 10 | 31 மார்ச் 2024, இரவு 9.30

உங்கள் திருத்திய கதையைப் படித்தேன். எந்த ரயிலுக்குக் காத்திருக்கிறாள் என்ற என் கேள்விக்கு நீங்கள் எழுதியிருக்கும் விடை என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. அவள் எந்த ரயிலுக்கும் காத்திருக்கவில்லை. நடைமேடையில் மின்விசிறி இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது. பத்து ரூபாய் நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக அவள் நேரத்தைக் கணக்கிடுகிறாள். வேலை போன கதையையும் கணவன் இறந்த கதையையும் நீங்கள் முழுவதும் நீக்கியிருக்கத் தேவையில்லை; அவள் கழுத்தில் பழைய அடையாள அட்டையின் நாடா மட்டும் கிடக்கிறது என்ற வரியைத் திரும்பச் சேருங்கள், அது அசைவு. காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதை எடுத்துவிடுங்கள்; அவளிடம் அளக்கும் கருவி இல்லை.

இரண்டாவது சீட்டு வாங்கப் போகும்போது அவள் முதலில் வாங்கிய கவுன்ட்டரில் கூட்டமே இல்லாதிருந்தும் தள்ளிப்போய் வேறொரு கவுன்ட்டரின் நீண்ட வரிசையில் நிற்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் என்று விளக்கி அடுத்து ஒரு பத்தி இருக்கிறது. அந்தப் பத்தி மட்டும் வேண்டாம்.